பையன் எல்லாரையும் சந்தேகப்படுகிறான்: ஆட்டிசமும் சந்தேக எண்ணமும்



மனநோய் வேறு, பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு வேறு என்பதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். ஆனாலும் வீட்டிலோ சபையிலோ ஒருவர் வித்தியாசமாக நடந்துகொள்ளும்போது இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே பெயர் சூட்டிவிடுகிறோம். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடும் ஓர் இடத்தை இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். ஆட்டிசம் என்று சொல்லப்படும் மதியிறுக்கம் உள்ள ஒருவர், வளர்ந்த பிறகு, “எல்லாரும் எனக்கு விரோதமாய் இருக்கிறார்கள்” என்று சொல்லத் தொடங்கினால் அதற்கு என்ன பொருள்? அது புதிதாய் வந்த நோயா, பழைய காயமா, வெறும் தவறான புரிதலா? இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அந்த மனிதருடைய மீதி வாழ்நாள் அமைந்துவிடுகிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம். அங்கே ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. பாடத்தை விளக்குவதற்காக நான் கட்டிக்கொண்ட வீடு. ஆனால் இதன் கல்லும் மண்ணும் நம் ஊர்களில் எங்கும் கிடைப்பவைதான்.

வீட்டில் ஒரே மகன். வயது இருபத்திரண்டு. மூன்று வயதுவரை பேச்சு வரவில்லை. வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் எத்தனை மணிக்கு, ராஜபாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று நேர அட்டவணையையே ஒப்பித்தான். சட்டையின் கழுத்துப் பட்டையில் இருக்கும் துணிச்சீட்டு உறுத்துகிறது என்று அழுவான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவான். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையேற ஆயிரக்கணக்கானோர் அந்த வழியாகப் போகும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவான். “கொஞ்சம் ஒரு மாதிரி, ஆனால் கெட்டிக்காரன்” என்று ஊரில் சொல்வார்கள். யாரும் மருத்துவரிடம் காட்டவில்லை. பத்தாம் வகுப்பு முடித்தான். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை கிடைத்தது. மில் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

அங்கேதான் தொந்தரவு தொடங்கியது. சக வேலையாட்கள் டிபன் பாக்ஸை ஒளித்து வைத்தார்கள். “மாப்ள, உனக்குப் பொண்ணு பார்த்தாச்சு, ஞாயித்துக்கிழமை வெத்தல பாக்கு மாத்தப் போறோம்” என்றார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தான். திங்கட்கிழமை வேன் முழுவதும் சிரிப்பு. ஆறு மாதத்தில் அவன் வேலைக்குப் போக மறுத்தான். “அவங்க எல்லாரும் சேர்ந்து என்னமோ திட்டம் போடுறாங்க” என்றான். தெருவில் இருவர் சிரித்துப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்றான். ஒருநாள் அம்மா வைத்த சோற்றையும் தொடவில்லை.

“ஏய்யா, ஏன் சாப்பிட மாட்டேங்கிற?”

“நீதானம்மா சொன்ன, கொன்னு போட்டுருவேன்னு.”

முந்தின நாள் அவன் குளிக்காமல் அடம்பிடித்தபோது, “இன்னிக்கும் குளிக்கலேன்னா கொன்னு போட்டுருவேன் பாத்துக்க” என்று அவள் சொல்லியிருந்தாள். நம் வீடுகளில் தாய்மார் நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை. தோலை உரித்து உப்புக்கண்டம் போடுவதாகச் சொல்லாத அம்மா உண்டா? மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு ஓடிவிடும். இவன் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டான்.

தாய்மாமன் செய்வினை என்றார். பக்கத்து வீட்டு அக்கா சந்தேக நோய் என்றாள். சபையிலிருந்து வந்தவர்கள் தீய ஆவி என்று சொல்லி மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அவன் தலையில் பலர் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தபோது (சத்தமும் தொடுதலும் அவனுக்கு எவ்வளவு வேதனை என்பதை மேலே பார்த்தோம்) அவன் தள்ளிவிட்டு ஓடினான். அதையே அவர்கள் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். ஜெபிப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. அவனிடம் யாரும் “என்ன நடந்தது?” என்று கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு சொல் செய்த குழப்பம்

ஆட்டிசத்தையும் மனச்சிதைவு நோயையும் குழப்பிக்கொள்வது நம் கிராமத்து அறியாமை மட்டும் அல்ல. மருத்துவ உலகமே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் குழப்பத்தில் இருந்தது. ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் ப்ளாய்லர். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். 1911-ல் வெளிவந்த தம் நூலில் அவர் அதைப் பயன்படுத்தியது குழந்தைகளைப் பற்றி அல்ல; மனச்சிதைவு நோயாளிகள் வெளியுலகை விட்டுத் தங்களுக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்வதைக் குறிக்கத்தான். ஆக அந்தச் சொல்லே மனச்சிதைவின் வீட்டில் பிறந்த பிள்ளை.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி, இது தனியான ஒரு நிலை என்று காட்டினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆனால் பழைய சொல்லையே இருவரும் எடுத்தாண்டதால் பழைய நிழலும் கூடவே வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ‘குழந்தைப் பருவ மனச்சிதைவு’ என்றே சீட்டு எழுதப்பட்டது. 1971-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவ இதழின் பெயரே ‘ஆட்டிசம் மற்றும் குழந்தைப் பருவ மனச்சிதைவு இதழ்’ என்பதுதான். 1979-ல் அந்தப் பெயரை மாற்றினார்கள். அதே 1971-ல் இங்கிலாந்தில் இஸ்ரேல் கோல்வின் என்பவர், மூன்று வயதுக்குள் தொடங்குவது ஒன்று, ஐந்து வயதுக்குப் பின் தொடங்கும் மனச்சிதைவு வேறொன்று என்று பிரித்துக் காட்டியிருந்தார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஆட்டிசத்துக்குத் தனி இடம் கொடுத்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? 1980-க்கு முன் பிறந்த ஆட்டிசம் உள்ளவர்கள் இப்போது நடுவயதையும் முதுமையையும் எட்டியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் தவறான பெயரோடு, அந்தப் பெயருக்கான மாத்திரையோடு, எங்கோ ஒரு காப்பகத்தின் மூலையில் இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பதற்காகத்தான்.

பொம்மையும் கோலிக்குண்டும்

பையனின் சந்தேகத்துக்குத் திரும்புவோம். 1985-ல் லண்டனில் சைமன் பாரன் கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகிய மூவர் ஒரு எளிய சோதனை செய்தார்கள். இரண்டு பொம்மைகள். முதல் பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. இரண்டாவது பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறது. முதல் பொம்மை திரும்பி வருகிறது. குண்டை எங்கே தேடும்?

கூடையில்தான் தேடும். ஏனென்றால் மாற்றி வைத்தது அதற்குத் தெரியாது. சாதாரணமாக வளர்ந்த 27 சிறு பிள்ளைகளில் 23 பேர் இதைச் சரியாகச் சொன்னார்கள். டவுன் நோய்க்குறி உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள 20 பேரில் 16 பேர், குண்டு உண்மையில் இருக்கிற பெட்டியையே காட்டினார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தனக்குத் தெரிந்தது வேறு, அடுத்தவர் மனதில் இருப்பது வேறு என்பதை மற்றப் பிள்ளைகள் போலத் தானாகவே பிடித்துக்கொள்வது அவர்களுக்குக் கடினமாயிருந்தது.

வயது ஏற ஏற இவர்களில் பலர் இதைக் கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கு ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிவதை அவர்கள் படிப்படியாக யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் இப்படிக் கணக்குப் போட்டால் யாருக்கும் களைப்பு வரும். கணக்கும் சில சமயம் தப்பும்.

நம் ஊர்ப் பேச்சை யோசித்துப் பாருங்கள். சாடைப் பேச்சு என்று ஒன்று வைத்திருக்கிறோம். மருமகளைத் திட்ட வேண்டுமானால் கோழியைத் திட்டுவோம். “வாங்க சார், இப்பத்தான் விடிஞ்சுதா?” என்று தாமதமாய் வந்தவனை வரவேற்போம். பிரியம் அதிகமானால் “சனியனே” என்போம், கோபம் அதிகமானால் “ராசா” என்போம். சொல்லும் பொருளும் எதிர் எதிர் திசையில் போகும் இந்தப் பேச்சில், தொனியையும் கண்ணையும் படிக்கத் தெரியாத ஒருவர் எப்படி வாழ்வார்? கேலியும் பிரியமும் கெடுதலும் அவருக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கும். எது பாதுகாப்பானது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஆபத்து என்று எண்ணிக்கொள்வது ஒருவகையில் புத்திசாலித்தனமும்கூட. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிக்கிறோம். அவனை முதலில் அரட்டியது யார் என்று கேட்பதில்லை.

இதைப் பற்றி இங்கிலாந்து உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்நாளில் ஆஸ்பெர்கர் நிலை என்று சொல்லப்பட்ட பிரிவினரிடம் சந்தேக எண்ணங்கள் மற்றவர்களைவிட அதிகமாய் இருந்தன. ஆனால் அது மனச்சிதைவில் வரும் சந்தேகத்தைப் போன்றது அல்ல, சமூகப் பழக்கங்களின் நுணுக்கம் பிடிபடாத குழப்பத்திலிருந்து வரக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள். 2004-ல் மற்றொரு குழு, தன்னைக் கெடுக்கச் சதி நடக்கிறது என்று உறுதியாய் நம்பும் நோயாளிகளையும், ஆஸ்பெர்கர் நிலையில் உள்ளவர்களையும், எந்தக் குறையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. அடுத்தவர் மனதை ஊகிப்பதில் முதல் இரு பிரிவினரும் ஒரே மாதிரி திணறினார்கள். ஆனால் தனக்கு ஒரு கெடுதல் நேர்ந்தால் உடனே “இன்னார்தான் காரணம்” என்று மனிதர்மேல் பழியைப் போடும் பழக்கம் முதல் பிரிவினரிடம் மட்டுமே மிகுந்து காணப்பட்டது. வெளியில் ஒன்றுபோல் தெரியும் இரு சந்தேகங்கள் உள்ளே வெவ்வேறு வேரிலிருந்து முளைக்கலாம் என்பதே இதன் பொருள். சிறிய ஆய்வுகள்தான், எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. தாமும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 2012-ல் ஒரு கேள்வி எழுப்பினார். அவர்களுக்கு நம் மனம் புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவர்கள் மனம் புரிகிறதா? குறை இருவருக்கும் நடுவில் இருக்கிறது, ஒருவரிடம் மட்டும் அல்ல என்றார் அவர். நம் மகாராஜபுரத்துப் பையனைப் பொறுத்தவரை அது முழு உண்மை. சோற்றைத் தள்ளியது பைத்தியம் என்று வீட்டார் முடிவு கட்டினார்கள். அவனுடைய ஊகமும் தவறு, அவர்களுடைய ஊகமும் தவறு.

அதோடு, மில் வேனில் இருந்தவர்கள் உண்மையிலேயே அவனுக்கு விரோதமாய்ச் சேர்ந்து திட்டம் போட்டார்கள் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு வேறு என்ன பெயர்? ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாய் ஆளாகிறார்கள் என்பது பல நாடுகளில் தெரிய வந்த உண்மை. ஒருவன் சொல்லும் சந்தேகத்தைப் பிரமை என்று எழுதுவதற்கு முன் அது நடந்த சம்பவமா என்று விசாரிப்பது மருத்துவரின் கடமை. விசாரித்தால் பாதி நேரம் வைத்தியம் பையனுக்கு அல்ல, வேனில் வந்தவர்களுக்குத்தான் தேவைப்படும்.

நோயும் சேர்ந்து வரும்போது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். “இது ஆட்டிசம்தான், மாத்திரை வேண்டாம்” என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனச்சிதைவு நோய் வருவது மற்றவர்களைவிட அதிகம் என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று வராது என்ற காப்பு எதுவும் இல்லை. மனச்சிதைவு வந்தும் வைத்தியம் இல்லாமல் விடப்பட்டவர் படும் துன்பம் கொடியது.

எப்படிப் பிரித்தறிவது? அனுபவமுள்ள மருத்துவர் முதலில் கேட்பது தாயிடம்தான்: “சின்ன வயசில் எப்படி இருந்தான்?” ஆட்டிசம் சிறு பிராயத்திலிருந்தே இருக்கும். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ, அதுவரை ஒரு மாதிரி இருந்தவர் வேறு மாதிரி ஆவதாய்த் தொடங்கும். அடுத்து, அந்தச் சந்தேகத்தில் ஒரு சம்பவம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். ‘டிபன் பாக்ஸை ஒளித்தார்கள்’ என்பது சம்பவம். ‘என் பல்லுக்குள் கருவி வைத்து என் எண்ணத்தை ரேடியோவில் சொல்கிறார்கள்’ என்பது வேறு வகை. பிறகு, விளக்கம் சொன்னால் இளகுகிறதா என்று பார்ப்பார். “அம்மா விளையாட்டாகச் சொன்னாள், ‘கொன்னு போட்டுருவேன்’ என்றால் கோபம் என்று மட்டும்தான் அர்த்தம்” என்று நிதானமாய் விளக்கியதும் ஒருவன் சோற்றை எடுத்துச் சாப்பிட்டால், அது மனச்சிதைவின் பிரமைபோல் நடந்துகொள்ளவில்லை. பிரமை விளக்கத்துக்கு மடியாது. ஆட்டிசம் உள்ளவருக்கு மனச்சிதைவும் இருக்கிறது என்று சொல்ல, இல்லாத குரல் கேட்பதோ அசையாத பிரமையோ தெளிவாக, ஒரு மாதமாவது இருந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவக் கையேடு விதிக்கிறது. சிகிச்சையால் அந்தக் காலம் குறைந்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ளும்.

கேள்வி கேட்பதிலும் பக்குவம் வேண்டும். “உனக்குக் குரல் கேட்கிறதா?” என்று மருத்துவர் கேட்பார். பையன் “கேட்குது” என்பான். யாருடைய குரல்? மருத்துவருடைய குரல்தான்! சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்பவரிடம் இப்படிக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். “அறையில் யாரும் இல்லாதபோது, யாரோ பேசுவது காதில் விழுகிறதா?” என்று கேட்க வேண்டும். அவசரமான வெளிநோயாளர் பிரிவில் முதல் கேள்வியோடு பேனா சீட்டில் ஓடிவிட்டால், அந்த ஒரு வார்த்தை பத்து வருட மாத்திரையாகிவிடும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகள் தேவைப்படுபவருக்கு உயிர்காக்கும் மருந்துகள். தேவையில்லாதவருக்கு உடல் பருமன், கைகால் இறுக்கம், ஓயாத தூக்கம். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் மருந்தின் பக்கவிளைவுகளை அதிகமாய் உணர்வதால், தேவைப்படும்போதும் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாய் ஏற்றுவதே நல்லது.

ஏர்வாடியில் விடிந்த காலை

தவறான பெயரும் பொறுமையின்மையும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் தமிழ்நாடு ஒரு விடியற்காலையில் கண்டது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள்.

அந்த 28 பேரில் யாருக்கு எந்த நோய் இருந்தது என்று எனக்குத் தெரியாது. சங்கிலிக்கு நோயின் பெயர் தேவைப்படுவதில்லை. மனச்சிதைவு உள்ளவரும், வலிப்பு உள்ளவரும், பேசத் தெரியாத ஆட்டிசம் உள்ளவரும் ஒரே தூணில் கட்டப்படலாம். கொண்டுபோய் விட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் போக ஓர் இடம் இல்லாதவர்கள் தூரத்தில் ஒரு நம்பிக்கையைத் தேடிப் போனார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தெளிவாய்த் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் சங்கிலி இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பூட்டிய பின்கட்டு அறையும் சங்கிலிதான்.

வேறு வழியும் நம் நாட்டிலேயே இருந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தை 1957-ல் தொடங்கிய கனடா நாட்டு மிஷனெரி டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் காலத்திலிருந்து அங்கேயும் குடும்பத்தார் கூடவே தங்குவது வழக்கமாயிற்று. இன்று அங்கே வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென்றே ‘நம்பிக்கை நிலையம்’ என்ற பிரிவு இயங்கி வருகிறது. தாய் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறுகிறாள். நம் பாடத்துக்கு இது மிகவும் முக்கியம். ஏனென்றால் சந்தேகப்படும் பையனைப் புரிந்துகொள்ளத் தேவையான விவரம் எல்லாம் அம்மாவிடம் இருக்கிறது. அவளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பரிசோதித்து என்ன பயன்?

வீட்டிலும் சபையிலும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-ல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. இருநூறு பேர் கூடும் ஒரு சபையில் ஒருவரோ இருவரோ இருக்கக் கூடும். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு தொடங்கியதும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்கும் அந்தத் தம்பியாக இருக்கலாம். ஒலிபெருக்கியின் அளவைக் கொஞ்சம் குறைத்தால் அவர் உள்ளே வரக்கூடும். பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடித்துச் சமாளித்துவிடுவதால் இன்னும் கவனிக்கப்படாமல் போகிறார்கள்.

அப்படிப்பட்டவரோடு பேசும்போது நேராகப் பேசுங்கள். கேலி வேண்டாம், கேலி செய்தே ஆகவேண்டும் என்றால் “இது விளையாட்டுக்கு” என்று சொல்லிவிடுங்கள். அவர் முன்னால் காதோடு காதாய்ப் பேசாதீர்கள். நாளைக்கு விருந்தாளி வருவதாய் இருந்தால் இன்றைக்கே, யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுங்கள். அவர் ஒரு சந்தேகத்தைச் சொன்னால் “சேச்சே, அப்படியெல்லாம் இல்லை” என்று உடனே மறுக்கவும் வேண்டாம், “ஆமாம், எல்லாரும் கெட்டவர்கள்தான்” என்று தூபம் போடவும் வேண்டாம். யார், எப்போது, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நடந்தது, மறுபக்கம் நான் நினைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பலருக்குத் தாமாகவே தெளிவு வருகிறது. பேச்சைவிட எழுத்து இவர்களில் பலருக்கு எளிது.

ஆனால் தூக்கம் போய்விட்டால், நாட்கணக்கில் சாப்பிட மறுத்தால், யாரும் இல்லாத இடத்தில் பதில் பேசினால், தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதாய்ச் சொன்னால் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

முன்பு நம் பகுதியிலிருந்து இதற்கெல்லாம் மதுரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு தூரம் குறைந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டபோது, ஆட்டிசத்தையும் மனநோயையும் தனித்தனியே எழுதியது. ப்ளாய்லர் கட்டிய முடிச்சை நம் நாட்டுச் சட்டம் அவிழ்த்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆட்டிசத்துக்கான சான்றிதழ் பெற்றவர்கள், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பெற வழியிருக்கிறது. வளர்ந்த பிள்ளைக்கு இனிச் சான்றிதழ் எதற்கு என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். வளர்ந்தவர்களுக்கும் கிடைக்கும்.

மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது அம்மா கட்டாயம் உடன் போகவேண்டும். பாட்டி உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்துப் போகலாம். எந்த வயதில் நடந்தான், எந்த வயதில் முதல் வார்த்தை வந்தது, அது என்ன வார்த்தை, யாரோடு விளையாடினான், எதற்குப் பயந்தான் என்று முந்தின இரவே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பால்வாடியில் கொடுத்த அட்டை, ஒன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதிய குறிப்பு, பரணில் கிடக்கும் பழைய நோட்டுப் புத்தகம் எது கிடைத்தாலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நோட்டின் பின்பக்கங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நேரங்கள் வரிசை வரிசையாய் எழுதியிருந்தால், அதைக் கிழித்துவிடாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.